அம்புக்குறி யார் பக்கம் போகிறது? குழு சிகிச்சை: வாசகர் கேள்வி - பதில்

பயிற்சி பெற்ற ஒருவர் நடத்த, ஏழெட்டுப் பேர் வாரந்தோறும் ஒன்றாக உட்கார்ந்து தங்கள் மனக்கஷ்டங்களைப் பேசுவது குழு சிகிச்சை. அதற்குப் போகலாமா என்று யோசிப்பவர்களும் அதை நடத்தக் கற்றுக்கொண்டிருப்பவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. கேட்டவர்களின் பெயரைத் தவிர்த்து ஊரை மட்டும் தந்திருக்கிறோம். பதில் சொல்பவர்கள் குழுக்களோடு பணியாற்றும் மனநலப் பணியாளர்கள்.

என் மனநல மருத்துவர் மாத்திரையோடு குழு சிகிச்சைக்கும் வரச் சொல்கிறார். என் கஷ்டத்தை எட்டுப் பேர் முன்னால் சொன்னால் எப்படிக் குணமாகும்? தனியாகப் பேசினால் போதாதா?
*(இல்லத்தரசி, மதுரை)*

தனியாகப் பேசும்போது உங்கள் கஷ்டத்தை நீங்கள் சொல்ல, ஆலோசகர் கேட்டுக்கொள்கிறார். குழுவில் அந்தக் கஷ்டம் அவர் கண்ணெதிரிலேயே நடக்கும். வீட்டில் தன் பேச்சை யாரும் காதில் வாங்குவதில்லை என்று வருந்தும் ஒருவர், குழுவிலும் ஒன்றை ஆரம்பித்துவிட்டு, "சரி, அது கிடக்கட்டும்" என்று பாதியில் நிறுத்திக்கொள்வார். இரண்டு மூன்று வாரம் இதைப் பார்த்த இன்னொருவர், "நீங்க பாதியில நிறுத்தும்போது, மேல கேட்டா உங்களுக்குப் பிடிக்காதோன்னு நான் பேசாம இருந்துடறேன்" என்பார். மற்றவர்கள் தன்னை ஒதுக்குகிறார்கள் என்று நினைத்திருந்தவருக்கு, தான் செய்வது என்ன என்பது அப்போதுதான் தெரியவரும். இதை ஆலோசகர் சொன்னால் அது படித்தவர் கருத்தாகப் போய்விடும். தன்னைப் போலவே ஒரு பாரத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் சொல்லும்போது மனதில் இறங்குகிறது.

"எனக்கு மட்டும்தான் இப்படி" என்ற எண்ணமும் அங்கே கரையும். 1905-ல் பாஸ்டன் நகரில் ஜோசப் பிராட் என்ற மருத்துவர், சானடோரியம் எனும் காசநோய் மருத்துவமனைக்குப் போக வசதியில்லாத நோயாளிகளை வாரம் ஒருமுறை கூட்டினார். ஓய்வு, காற்றோட்டம், உணவு பற்றிச் சொல்லித்தருவதுதான் நோக்கம். நோயாளிகள் தங்கள் தினசரிக் குறிப்பு நோட்டோடு வந்தார்கள். ஒரே நோயுள்ளவர்கள் சேர்ந்து உட்கார்வதே ஒருவருக்கொருவர் தெம்பு தருவதை அவர் கவனித்தார். குழு சிகிச்சையின் வரலாற்றைப் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குவார்கள்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். குழு அதற்கு மாற்று அல்ல. முதல் மூன்று நான்கு வாரம் "இதற்காகவா வந்தோம்" என்று தோன்றலாம். விலகுபவர்கள் அந்தக் கட்டத்தில்தான் அதிகம் விலகுகிறார்கள். 12 வாரம் என்று மனதில் முடிவு செய்துகொண்டு போங்கள். விலகத் தோன்றினால் போனில் சொல்லாமல் குழுவிலேயே வந்து சொல்லுங்கள். அப்படிச் சொல்ல வந்தவர்கள் தொடர்வதும் உண்டு.

களப்பணியில் ஒரு குழு நடத்த வேண்டும். எத்தனை பேர், எவ்வளவு நேரம், எப்படி உட்காரவைப்பது?
*(எம்.எஸ்.டபிள்யூ. எனும் சமூகப்பணி முதுகலை மாணவி, திருச்சி)*

7 அல்லது 8 பேர். ஐந்துக்குக் கீழே போனால் ஒருவர் வராத நாளில் குழுவே இருக்காது. வந்தவர்களும் உங்களிடம் முறைவைத்துப் பேச ஆரம்பிப்பார்கள். பத்தைத் தாண்டினால் வாய் திறக்காமலே வீடு திரும்புபவர்கள் இருப்பார்கள். ஒருவரோ இருவரோ நின்றுவிடுவார்கள் என்று எதிர்பார்த்து 9 பேரோடு தொடங்குங்கள். வாரம் ஒருமுறை, 90 நிமிடம். ஒரு மணி நேரத்தில் முடித்தால் பேச்சு சூடுபிடிக்கும்போது எழுந்திருக்க வேண்டியிருக்கும். இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் களைத்துப்போய்ச் சொன்னதையே சொல்வார்கள். சொன்ன நேரத்துக்கு ஆரம்பியுங்கள், சொன்ன நேரத்துக்கு முடியுங்கள். கடைசி 5 நிமிடத்தில் ஒருவர் பெரிய விஷயத்தைத் தொட்டால், "இது 5 நிமிடத்துக்குள் அடங்காது, அடுத்த வாரம் இதிலிருந்தே தொடங்குவோம்" என்று சொல்லி, அடுத்த வாரம் மறக்காமல் தொடங்குங்கள்.

நாற்காலிகள் ஒரே உயரத்தில், வட்டமாக, நடுவில் மேசை இல்லாமல் இருக்கட்டும். பெரும்பாலான இடங்களில் உங்களுக்கு மட்டும் கைவைத்த நாற்காலி போட்டுவைப்பார்கள். அதை மாற்றிவிட்டு உட்காருங்கள். தரையில் ஜமுக்காளம் விரித்தால் எல்லோரும் தரையில். முழங்கால் வலிக்காரர் ஒருவர் இருந்தாலும் எல்லோருக்கும் நாற்காலி. இருவர் சேர்ந்து நடத்தினால் எதிரெதிரே உட்காருங்கள். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் அந்த மூலை மேடையாகிவிடும். கடகடக்கும் மின்விசிறியை முன்பே சரிசெய்யச் சொல்லுங்கள். மெல்லிய குரலில் பேசுபவர் அந்தச் சத்தத்தில் பேச்சையே விட்டுவிடுவார். டீ, பிஸ்கட் எல்லாம் முடிந்த பிறகு.

இவை எல்லாவற்றையும்விட ஆள் தேர்வு முக்கியம். ஒவ்வொருவரையும் முன்கூட்டியே தனியாக அரை மணி நேரமாவது சந்தியுங்கள். இப்போதே தற்கொலை எண்ணத்தில் தவிப்பவர், காதில் குரல் கேட்டுக் கலங்கியிருப்பவர், குடித்துவிட்டு வரக்கூடியவர் ஆகியோரை இந்த வகைக் குழுவில் சேர்க்காதீர்கள். அவர்களுக்கு வேறு சிகிச்சையோ வேறு அமைப்புள்ள குழுவோ முதலில் வேண்டும். கணவன் மனைவி, அண்ணன் தம்பி, ஒரே அலுவலகத்தின் மேலாளரும் ஊழியரும் ஒரே குழுவில் வேண்டாம். யாரையும் ஒற்றை ஆளாக நிறுத்தாதீர்கள். 7 ஆண்களுக்கு நடுவே ஒரே ஒரு பெண் இருந்தால், அவர் எதைச் சொன்னாலும் "பெண்கள் தரப்பு" என்றுதான் கேட்பார்கள். இந்தத் தனிச் சந்திப்பைச் செய்யாமல் வருகைப் பதிவேட்டில் இருக்கும் பெயர்களை அப்படியே கூட்டிவைப்பதுதான் மாணவர் குழுக்கள் நான்காவது வாரமே கலைந்துபோவதற்கு முக்கியக் காரணம்.

ஒன்றரை மாதமாகக் குழு நடத்துகிறேன். எல்லோரும் என்னைப் பார்த்தே பேசுகிறார்கள். நான் பேசாமல் இருந்தால் குழுவும் பேசாமல் இருக்கிறது.
*(ஆலோசகர், கோவை)*

கூட்டம் முடிந்ததும் ஒரு தாளில் வட்டம் போட்டு, யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று குறியுங்கள். யார் யாரைப் பார்த்துப் பேசினார்கள் என்று அம்புக்குறி போடுங்கள். மனிதர்களுக்கு இடையிலான ஈர்ப்பையும் விலகலையும் இப்படிப் படமாக வரையும் முறையைப் பரப்பியவர், வியன்னாவிலிருந்து அமெரிக்கா சென்ற மருத்துவர் ஜேக்கப் மொரீனோ. முதல் வாரம் எல்லா அம்பும் உங்களை நோக்கித்தான் வரும், அது இயல்பு. ஆறாவது வாரமும் அப்படியே என்றால், எட்டுப் பேரை உட்காரவைத்துக்கொண்டு நீங்கள் தனித்தனி ஆலோசனை செய்கிறீர்கள் என்று அர்த்தம். அம்புகளைத் திருப்புவதுதான் உங்கள் வேலை. மற்றத் திறமைகள் எல்லாம் இதற்கு அடுத்துத்தான்.

கண்ணிலிருந்து தொடங்குங்கள். ஒருவர் உங்களைப் பார்த்துப் பேசும்போது, நீங்கள் மெல்ல மற்றவர்கள் முகங்களைப் பாருங்கள். பேசுபவரின் பார்வையும் கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் போகும். அடுத்து, "வேறு யாராவது ஏதாவது சொல்கிறீர்களா?" என்ற கேள்வியைக் கைவிடுங்கள், அதற்கு மௌனம்தான் பதில். பெயர் சொல்லி இருவரை இணையுங்கள்: "போன வாரம் நீங்க அப்பா முன்னால பேச வராதுன்னு சொன்னீங்க. இப்ப இவங்க சொன்னதைக் கேக்கும்போது என்ன தோணுச்சு?" யாராவது "இங்க சிலபேர் வாயே திறக்கறதில்ல" என்று பொதுவாகச் சொன்னால், "யாரை நினைச்சுச் சொல்றீங்க? அவங்களைப் பார்த்தே சொல்லுங்க" என்று கேளுங்கள்.

எல்லாவற்றிலும் கடினமானது, வெளியே நடந்ததை அறைக்குள் கொண்டுவருவது. ஒருவர் மேலதிகாரி தன்னை மதிப்பதில்லை என்று இருபது நிமிடமாகச் சொல்கிறார். அந்த மேலதிகாரி அறையில் இல்லை. அவரைப் பற்றி நம்மால் எதையும் சரிபார்க்க முடியாது. "இந்த அறையில உங்க பேச்சை யார் மதிச்சுக் கேக்கறாங்க, யார் கேக்கலைன்னு தோணுது?" என்று கேட்டால் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள். அவர் ஒருவரைச் சொல்வார். சொல்லப்பட்டவர் அங்கேயே இருக்கிறார், "நான் கேட்டுட்டுத்தான் இருந்தேன். ஆனா நீங்க மூச்சுவிடாம பேசினதால எங்க நுழையறதுன்னு தெரியல" என்று அவரால் பதில் சொல்ல முடியும். அதன்பின் ஒரு படி பின்வாங்கி, "இப்ப நம்ம நடுவுல என்ன நடந்துச்சு?" என்று கேளுங்கள். அனுபவிப்பது ஒரு பாதி, அதைத் திரும்பிப் பார்ப்பது மறுபாதி. முதல் பாதியோடு நிறுத்தினால் சண்டையோ கண்ணீரோ மட்டும் மிஞ்சும். அனுபவம் இல்லாமல் இரண்டாம் பாதியை மட்டும் செய்தால் வகுப்பறை ஆகிவிடும்.

இந்த முறைக்கு வித்திட்ட ஒரு நிகழ்ச்சியைக் குழு நடத்துபவர்கள் அறிந்திருப்பது நல்லது. 1946 கோடையில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், இனப் பாகுபாட்டைக் குறைப்பதற்கான பயிற்சி முகாம் ஒன்றைச் சமூக உளவியலாளர் கர்ட் லெவின் நடத்தினார். பகலில் குழுக்கள் பேசும். ஆய்வாளர்கள் ஓரமாக உட்கார்ந்து குறிப்பெடுத்து, மாலையில் தங்களுக்குள் விவாதிப்பார்கள். ஒரு மாலை பங்கேற்பாளர்கள் சிலர், தாங்களும் கேட்கலாமா என்று வந்து உட்கார்ந்தார்கள். குழுத் தலைவரை ஒரு பெண்மணி தாக்கிப் பேசியதாக ஓர் ஆய்வாளர் வாசிக்க, அங்கேயே இருந்த அந்தப் பெண்மணி அப்படி நடக்கவில்லை என்று மறுத்தார். பேச்சு சூடானது. தாங்கள் நடந்துகொண்ட விதத்தைத் தாங்களே கேட்டு விவாதிப்பதில், பகல் வகுப்புகளில் இல்லாத பயன் இருப்பதைப் பங்கேற்பாளர்களும் லெவினும் கண்டுகொண்டார்கள். தலைமைப் பயிற்சிக்கான குழுக்கள் அடுத்த ஆண்டு மெய்ன் மாநிலத்தின் பெத்தெல் ஊரில் தொடங்கியது அதன் தொடர்ச்சிதான்.

ஒன்றை நீங்களே உங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும். "நீங்களே சொல்லுங்க மேடம், உங்களுக்குத் தெரியாததா" என்று குழு சொல்லும்போது மனம் குளிர்கிறதா? எல்லாம் அறிந்த ஒருவர் தங்களைப் பார்த்துக்கொள்வார் என்று குழு முழுதும் சாய்ந்துகொள்வதை, பிரிட்டிஷ் உளப்பகுப்பாய்வாளர் வில்பிரட் பியான் குழுக்களின் அடிப்படைப் போக்குகளில் ஒன்றாகக் குறிப்பிட்டார். அந்தச் சாய்வுக்குத் தோள் கொடுத்துக்கொண்டே இருந்தால் அம்புகள் திரும்பாது.

எங்கள் குழுவில் 58 வயதுக்காரர் ஒருவரை எல்லோரும் "ஐயா" என்கிறார்கள். அவர் சொன்னதை யாரும் மறுப்பதில்லை. பெயர் சொல்லி அழைக்கச் சொல்லலாமா?
*(மனநல சமூகப் பணியாளர், திருநெல்வேலி)*

வேண்டாம். 24 வயதுப் பெண் அவரைப் பெயர் சொல்லி அழைக்க முடியாது. கட்டாயப்படுத்தினால் அவரை அழைப்பதையே நிறுத்திவிடுவார். ஐயா, அக்கா, அண்ணா எல்லாம் இருக்கட்டும். "மரியாதை கூப்பிடறதுல இருக்கட்டும். கருத்துல வயசு பார்க்க வேண்டாம்" என்று முதல் நாளே சொல்லிவையுங்கள். ஐயாவிடமே கேட்கலாம்: "இங்க யாரும் உங்களை மறுத்துப் பேசறதில்ல. அது உங்களுக்கு எப்படி இருக்கு?" வீட்டிலும் தன்னிடம் யாரும் மனம்விட்டுப் பேசுவதில்லை என்று அவர் சொல்லக்கூடும். குழுவில் அவருக்கு ஆக வேண்டிய வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இதைவிடக் கவனம் வேண்டிய இடம் அறிமுகச் சுற்று. "எந்த ஊர்? ஊர்ல எந்தப் பக்கம்? எந்தத் தெரு?" என்று மூன்று கேள்வி போனால் சாதி வெளிவந்துவிடும். கேட்பவர்கள் அதை விசாரிப்பாகக்கூட நினைப்பதில்லை. பதில் சொல்ல நேர்பவர் அன்றோடு வராமல் போகலாம். அழைக்கப்பட விரும்பும் பெயர், இங்கே வந்த காரணம் ஒரு வரியில், இந்த அறையில் தனக்குள்ள பயம் ஒன்று: இந்த மூன்றும் போதும் என்று சொல்லி, நீங்களே முதலில் அப்படி அறிமுகம் செய்துகொள்ளுங்கள். பிறகு ஒருநாள் சாதியே பேசுபொருளாக வந்தால் தடுக்காதீர்கள். அதைப் பேச முடிந்த குழு நல்ல குழு.

ஒருவரே பேசிக்கொண்டிருக்கிறார். எப்படி நிறுத்துவது?
*(ஆசிரியை, ஈரோடு)*

அவர் பதற்றத்தில் பேசுகிறார்; மௌனம் வந்தால் தாங்க முடியாது. அவர் பேசும்வரை தங்கள் முறை வராது என்பதால் மற்றவர்களும் உள்ளுக்குள் நிம்மதியாக இருக்கிறார்கள். அதனால் கேள்வி இரு பக்கமும் போக வேண்டும். குழுவிடம்: "இவர் பேசட்டும்னு எல்லாரும் விட்டுட்டோமே, ஏன்?" அவரிடம்: "இவ்வளவு பேசின பிறகும் உங்களை எங்களுக்குத் தெரிஞ்சமாதிரி இல்ல. இப்ப மனசுல என்ன இருக்குன்னு ஒரே வரியில சொல்லுங்க." ஆளுக்கு 5 நிமிடம் என்று கடிகாரம் வைப்பது பயன் தராது. அவர் 5 நிமிடத்தில் வேகமாகப் பேசுவார், அவ்வளவுதான்.

பேசாமல் இருப்பவரை?
*(அதே வாசகி)*

முதலில் கூப்பிட்டுச் சங்கடப்படுத்தாதீர்கள். முகத்தில் அசைவு தெரிந்த நொடியில், "இப்ப ஏதோ தொட்டமாதிரி இருந்துச்சு" என்று மட்டும் சொல்லிக் காத்திருங்கள். நான்கைந்து வாரமாகியும் பேச்சில்லை என்றால் தனியாகச் சந்தித்துக் கேளுங்கள்.

எங்கள் ஊர் சின்னது. பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் எல்லோரையும் பார்க்கிறோம். குழுவில் சொன்னது வெளியே போகாது என்று எப்படி நம்புவது?
*(வாசகர், கோவில்பட்டி)*

முழு உத்தரவாதம் தர முடியாது. தருகிறேன் என்று சொல்பவரை நம்பாதீர்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை அளிப்பவரை ரகசியம் காக்கக் கட்டுப்படுத்துகிறது. குழுவில் உங்களோடு உட்காருபவர்களைக் கட்டுப்படுத்துவது அவர்கள் கொடுத்த வாக்குதான். அதனால் வாக்கு தெளிவாக இருக்க வேண்டும்: என் கதையை நான் வெளியே சொல்லலாம். அடுத்தவர் கதையைப் பெயர் மாற்றிக்கூடச் சொல்லக் கூடாது. மனைவியிடமும் கூடாது. பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் என்ன செய்வது என்பதை முதல் கூட்டத்திலேயே பேசி முடிவெடுங்கள். அவர் முதலில் சிரித்தால் சிரிப்பது, "எங்கே பழக்கம்?" என்று கூட இருப்பவர் கேட்டால் சொல்ல ஒரே பதில் என்று சில குழுக்கள் வைத்துக்கொள்கின்றன.

வாட்ஸ்அப் குழு வேண்டாம். நேரம் மாறினால் நடத்துபவர் தனித்தனியே சொல்லட்டும். கைமாற்று, சீட்டு, இன்சூரன்ஸ் பாலிசி ஆகிய மூன்றும் குழுவுக்குள் கூடாது. ஒருவருக்கொருவர் பணம் தர வேண்டியிருந்தால் உண்மை பேச முடியாது. ரகசியத்துக்கு விலக்குகள் உண்டு, அவற்றை முன்பே சொல்லிவிட வேண்டும்: உயிருக்கு ஆபத்து என்றால் உரியவர்களுக்குச் சொல்வோம்; குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி புகார் செய்தே ஆக வேண்டும்.

என் கணவர் ஏஏ கூட்டத்துக்குப் போகிறார். அதுவும் குழு சிகிச்சைதானா?
*(வாசகி, வேலூர்)*

இல்லை. 1935-ல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் குடியிலிருந்து மீள முயன்ற இருவர் தொடங்கியது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏஏ. அங்கே சிகிச்சையாளர் கிடையாது, கட்டணம் கிடையாது. ஒருவர் தன் அனுபவத்தைச் சொல்லும்போது மற்றவர்கள் குறுக்கிட்டு விமர்சிப்பதும் வழக்கமில்லை. குழு சிகிச்சையில் பயிற்சி பெற்ற ஒருவர் பொறுப்பேற்கிறார். ஒருவரோடு ஒருவர் நடந்துகொள்வதைப் பற்றியே பேசுகிறார்கள். ஒன்று இன்னொன்றுக்குப் போட்டி இல்லை. 1980-ல் சென்னையில் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டிடிகே மருத்துவமனை போன்ற இடங்களில் குழு சிகிச்சை குடிநோய் சிகிச்சையின் ஒரு பகுதி. சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவருக்கு ஏஏ கூட்டம் வருடக்கணக்கில் துணை நிற்கும். உங்கள் கணவர் போவதை நிறுத்தவிடாதீர்கள். குடும்பத்தினருக்கு அல்-அனான் கூட்டங்கள் தனியே உண்டு, நீங்களும் போகலாம்.

ஒருவர் அழ ஆரம்பித்தால் என்ன செய்வது? "செத்துடலாம்போல இருக்கு" என்று சொன்னால்?
*(செவிலியர், நாகப்பட்டினம்)*

அழுதால் ஓடிப்போய் டிஷ்யூ கொடுக்காதீர்கள். பெட்டி எட்டும் தூரத்தில் இருக்கட்டும். அவசரமாக நீட்டும் டிஷ்யூ "போதும், நிறுத்து" என்று சொல்வதுபோல் ஆகிவிடும். "எல்லாம் சரியாப் போயிடும்", "கோயிலுக்குப் போய்ட்டு வாங்க" என்று குழு அறிவுரையைக் கொட்டும். அது அன்பினால்தான், அழுகையைப் பார்க்கத் தாங்காததாலும்தான். "அழறதைப் பார்க்கும்போது உங்களுக்கு என்ன ஆச்சு?" என்று அறிவுரை சொன்னவரிடம் கேளுங்கள். அவர் தன் துக்கத்தைச் சொல்ல ஆரம்பிப்பார். அழுதவர் தனியாக இருக்க மாட்டார்.

சாவைப் பற்றிய பேச்சு வந்தால் நேராகக் கேளுங்கள்: "தற்கொலை பண்ணிக்கணும்னு நினைக்கிறீங்களா? எப்படின்னு யோசிச்சு வெச்சிருக்கீங்களா?" கேட்பதால் எண்ணம் புதிதாக வந்துவிடாது. குழுவின் முன் பேசியதோடு நிறுத்தாமல், கூட்டம் முடிந்ததும் அவரைத் தனியே உட்காரவைத்துப் பேசுங்கள். வீட்டில் பூச்சிமருந்து, மாத்திரை இருக்கிறதா என்று விசாரித்து, குடும்பத்தினர் அதை அப்புறப்படுத்த ஏற்பாடு செய்யுங்கள். தனியாக அனுப்பாதீர்கள். அன்றே மனநல மருத்துவரிடம் சேர்ப்பியுங்கள். 14416 என்ற டெலிமனஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. அடுத்த வாரம் அவர் என்ன ஆனார் என்பது குழுவுக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது. அவர் சம்மதத்தோடு சுருக்கமாகச் சொல்லுங்கள்.

குழு நடத்த எப்படிக் கற்றுக்கொள்வது? எம்.எஸ்.டபிள்யூ.வில் குழுப்பணி ஒரு பாடமாக இருந்தது. அது போதுமா?
*(வாசகர், சென்னை)*

போதாது. அனுபவமுள்ள ஒருவர் நடத்தும் குழுவைப் பல வாரம் பாருங்கள். பிறகு அவரோடு சேர்ந்து நடத்துங்கள். ஒவ்வொரு கூட்டமும் முடிந்ததும், வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன், 30 நிமிடம் இருவரும் உட்கார்ந்து பேசுங்கள்: எந்த இடத்தில் பேச்சை மாற்றினோம், ஏன்? யார்மேல் எரிச்சல் வந்தது? அன்றைய அம்புக்குறிப் படத்தையும் அப்போதே போடுங்கள். மறுநாள் நினைவிலிருந்து போட்டால் நீங்கள் விரும்பிய படம்தான் வரும். குறிப்பில் உள்ளவர்களின் முழுப்பெயரை எழுதாதீர்கள்.

இவற்றைவிட அவசியம், ஒரு குழுவில் நீங்களே உறுப்பினராக உட்கார்வது. முதல் நாள் வாய் உலர்வது, ஒருவர் உங்களைக் கவனிக்காமல் வேறு பக்கம் திரும்புவது, பாராட்டுக்கு ஏங்குவது எல்லாம் எப்படியிருக்கும் என்பது புத்தகத்தில் கிடைக்காது. இதைத் தவிர்த்துவிட்டு நேராக நடத்த வருபவர்கள், மௌனம் விழுந்தால் பயந்துபோய் விளையாட்டு நடத்த ஆரம்பித்துவிடுகிறார்கள்.

12-ஆம் வாரம் குழு முடிகிறது. கேக் வெட்டி, போட்டோ எடுத்து முடிக்கலாம் என்று உறுப்பினர்கள் கேட்கிறார்கள்.
*(ஆலோசகர், சேலம்)*

9-ஆம் வாரமே முடிவைப் பற்றிப் பேச ஆரம்பித்திருக்க வேண்டும். முடிவு நெருங்கும்போது ஒருவர் தாமதமாக வருவார், ஒருவருக்குப் பழைய தூக்கமின்மை திரும்பும், ஒருவர் குழுவால் பயனே இல்லை என்று கோபப்படுவார். பிரிவு அவரவருக்குப் பழகிய விதத்தில் வெளிப்படுகிறது. அதைப் பெயர் சொல்லிப் பேசுங்கள். கடைசிக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் மற்ற ஒவ்வொருவரையும் பார்த்து, "உங்ககிட்ட இருந்து நான் எடுத்துட்டுப் போறது இது, உங்ககிட்ட சொல்லாம வெச்சிருந்தது இது" என்று இரண்டே வாக்கியம் சொல்லட்டும். 8 பேர் என்றால் 56 முறை பேச வேண்டும், 60 நிமிடமாவது பிடிக்கும். எனவே வேறு எதையும் அன்று வைக்காதீர்கள். கேக் கடைசி 10 நிமிடத்தில் வெட்டலாம். போட்டோ வேண்டாம். யாரோ ஒருவர் போனில் தங்கிவிட்ட அந்தப் படத்தை அவர் வீட்டார் பார்த்து "இவங்கெல்லாம் யார்?" என்று கேட்டால், ரகசியம் அங்கே உடைந்துவிடும்.